அத்தையின் வாய் நான்தான்

நவம்பர் 2, ஞாயிறு

காலையில் அத்தையின் மாத்திரைகளை வாரப் பெட்டியில் பிரித்துப் போட்டுக் கொடுத்தேன். இந்த முறை மருந்துக்கடையில் பிரஷர் மாத்திரை வேறு கம்பெனியுடையது. மருந்து அதேதான், அட்டைப்பெட்டி மட்டும் பச்சை. "பச்சைப் பெட்டின்னா எனக்குப் பிரஷர் இறங்காது" என்று அத்தை அடம்பிடித்தார். பெட்டியில் இருக்கும் பொடி எழுத்தை இரண்டு தடவை படித்துக் காட்டிய பிறகுதான் விழுங்கினார்.

அப்புறம் அவருடைய ஊர் சிம்முக்கு ரீசார்ஜ் செய்தேன். அந்த நம்பர் உயிரோடு இருந்தால்தான் பென்ஷன் பேங்க்கிலிருந்து ஓடிபி வரும். "ரிட்டயர் ஆகி வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு மூக்குல ஓடுற மூச்சு ரெண்டாவது, முதல் மூச்சு சிம்முலதான் ஓடுது" என்பார் அத்தை.

அத்தை, அப்பாவுக்கு அக்கா. ஊரில் டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரிட்டயர் ஆனதும் வீட்டை விற்றுவிட்டுத் தம்பி இருக்கும் இடத்துக்கே வந்துவிட்டார். பக்கத்துக் கட்டடத்தில் ஒற்றை அறை. "ஒரே சமையலறையில ரெண்டு கரண்டி இருந்தா சத்தம் வரும்" என்று அவரேதான் தனியாக இருக்கக் கேட்டார். இங்கத்துப் பாஷை அவருக்கு வராது. அதனால் பேங்க், டாக்டர், கரண்ட் பில், எந்தக் குப்பையை எந்தத் தொட்டியில் எந்தக் கிழமை போடுவது, எல்லாவற்றுக்கும் நான்தான் கூட. சின்ன வயதிலிருந்தே நான்தான். "எங்க அக்காவுக்கு வாய் ரெண்டு. ஒண்ணு மூஞ்சியில இருக்கு, இன்னொண்ணு ஸ்கூலுக்குப் போயிருக்கு" என்பார் அப்பா.

எழுதும்போதே பெருமையாக இருக்கிறது. இருந்தால் என்ன? என் டைரிதானே.

நவம்பர் 4, செவ்வாய்

அத்தை உயிரோடு இருக்கிறார் என்று முத்திரை வாங்கும் நாள். வருஷா வருஷம் அதை ஊருக்கு அனுப்பாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பொணமா உசுரான்னு சந்தேகம் இருந்தா கிள்ளிப் பாத்துக்கச் சொல்லுடி" என்றார் அத்தை.

நான், "வணக்கம், முத்திரை வேண்டும் என்கிறார்" என்றேன். இதையெல்லாம் அப்படியே சொல்ல முடியுமா?

"என்னடி, அந்த ஆள் சிரிக்கவே இல்ல?"

"இங்க ஆபீசுல சிரிக்க மாட்டாங்க அத்தை."

அங்கிருந்து, அத்தை இந்த நாட்டில் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் குடியிருப்பு அலுவலகத்துக்குப் போனோம். அங்கேதான் இடி. இந்த வருஷத்திலிருந்து புது விதியாம். ஐந்து வருஷம் முடித்தவர்கள் அதிகாரியிடம் தாங்களே பேச வேண்டும். பெரிய பேச்சு இல்லை. எங்கே இருக்கிறீர்கள், சாமான் எங்கே வாங்குகிறீர்கள், உடம்புக்கு முடியாவிட்டால் யாரைக் கூப்பிடுவீர்கள், இப்படி. சொந்தக்காரர்கள் உள்ளே வரக் கூடாது. டிசம்பர் 9.

"பேச வராவிட்டால்?" என்று கேட்டேன்.

"புதுப்பிக்க மாட்டோம்" என்றாள் கவுண்டர் பெண். "மூன்று மாதத்துக்குள் கிளம்ப வேண்டியிருக்கும்."

இதையும் நான்தான் அத்தைக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அத்தை கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். பிறகு, "கிளம்பி எங்கடி போறது? வித்த வீட்டு வாசல்ல போய் நின்னா, வாங்கினவன் காபி தருவானா?" என்றார்.

நவம்பர் 7, வெள்ளி

பாடம் தொடங்கியாயிற்று. கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். முதல் பாடம்: என் பெயர் இன்னது. நான் இன்ன முகவரியில் வசிக்கிறேன். நான் ஓய்வு பெற்ற தொலைபேசி ஊழியர்.

அத்தை கொட்டாவி விட்டார். "வசிக்கிறேன்னு எவளாவது பேசுவாளா? இது செத்துப்போனவங்களைப் பத்திப் பேப்பர்ல போடுற மாதிரி இருக்கு."

"இலக்கணம் சரியா இருக்கணும் அத்தை."

"சரிங்க டீச்சர்."

மூன்று வாக்கியம் சொல்லிக் கொடுத்தால் ஒன்றுதான் நிற்கிறது. பரவாயில்லை. பொறுமை வேண்டும். நான் பொறுமையான டீச்சராக இருப்பேன்.

நவம்பர் 12, புதன்

வரலாற்றுத் தேர்வு. நன்றாக எழுதினேன். ஆனால் நான் தேர்வில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து அத்தையின் சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்துவிட்டது. வெளியே மாட்டிக்கொண்டார். போன் உள்ளே.

யார் உதவினார்கள் தெரியுமா? நெட்டை.

நெட்டை என் வகுப்புதான். அத்தைக்கு மேல் மாடியில் அம்மாவோடு இருக்கிறாள். அப்பா வேறு பேட்டையில். அவளுக்குத் தமிழ் ஓர் எழுத்து தெரியாது. தலைவலி என்று தேர்வுக்கு வராமல் வீட்டில் இருந்திருக்கிறாள். தலைவலியாம்! பூட்டுக்காரரைக் கூப்பிட்டாள், நாற்காலி கொண்டுவந்து போட்டாள். பூட்டுக்காரர் வரும்வரை இரண்டு பேரும் மாடிப்படியில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம்.

"என்ன பேசினீங்க?" என்று கேட்டேன்.

"நிறைய" என்றார் அத்தை.

எந்தப் பாஷையில்?

நவம்பர் 15, சனி

இன்று பாடத்துக்குப் போனால் அத்தை வீட்டில் நெட்டை. சமையலறையில். என் ஸ்டூலில்.

அத்தை கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டுவார். நெட்டை அதன் பெயரைச் சொல்வாள். அத்தை திருப்பிச் சொல்வார், தப்பாக. நெட்டை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அத்தையும் சிரிச்சாங்க. எப்படிச் சிரிச்சாங்க தெரியுமா? கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. என்னோட பாடத்துல ஒரு நாளாவது அப்படிச் சிரிச்சிருக்காங்களா?

"வாம்மா டீச்சர், உக்காரு" என்றார். உட்கார வேறு இடம் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். விருந்தாளி மாதிரி.

நெட்டைக்கு அத்தை பேர் வைத்திருக்கிறார்: கொடிக்கம்பம். அதன் அர்த்தத்தைக் கையால் காட்டி, சல்யூட் அடித்து, அவளுக்கே புரிய வைத்துவிட்டார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு இத்தனை வருஷத்தில் 'ஏய் பொண்ணே'தான்.

வயிற்றெரிச்சல் என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். உவமை என்று நினைத்திருந்தேன். இல்லை. நிஜமாகவே வயிற்றில்தான் எரிகிறது, தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே.

நவம்பர் 16, ஞாயிறு

கட்டுரையில் நெட்டைக்குப் பத்துக்கு நாலு. எனக்கு ஒன்பது. சும்மா எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மாத்திரை வாங்க நான் மட்டும் போனேன். மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். அவர் இதற்குமுன் சிரித்துப் பார்த்ததில்லை.

"உங்கள் அத்தை நேற்று அந்த உயரமான பெண்ணோடு வந்தார்" என்றார். "பச்சைப் பெட்டியைக் காட்டி, இதைப் போட்டால் கிளியாக மாறிவிடுவேனா என்று கையைச் சிறகாக அடித்துக் காட்டினார். கடையே சிரித்தது. இவ்வளவு வேடிக்கையான மனுஷியா? நான் இத்தனை வருஷமாக அவர் கோபக்காரர் என்றல்லவா நினைத்தேன்!"

மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மீதிச் சில்லறை வாங்க மறந்துவிட்டேன், திரும்பப் போகவும் இல்லை.

அத்தை இந்தக் கடையில் எப்போதும் ஏதாவது சொல்வார். "இந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேளு, முகம் வாடியிருக்கே, ஆயிட்ட மாதிரிதான் தெரியுது." நான், "நன்றி என்கிறார்" என்பேன். ஒவ்வொரு தடவையும். நேரம் மிச்சம் என்று. மரியாதை என்று.

அப்படி எத்தனை ஜோக்கை நான் விழுங்கியிருப்பேன்?

இதைப் பற்றி யோசிக்கப் போவதில்லை. நாளைக்கு அறிவியல் தேர்வு.

நவம்பர் 21, வெள்ளி

நாளைக் காலை நெட்டை அத்தையைச் சந்தைக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. பஸ்ஸில். "பேச்சுப் பயிற்சி"யாம்.

மதியம் நெட்டை என் பெஞ்சுக்கு வந்தாள். "நான் பள்ளியிலிருந்து நேரே அப்பா வீட்டுக்குப் போகிறேன். திடீரென்று கூப்பிட்டுவிட்டார். ஞாயிறுதான் வருவேன். சாயங்காலம் நீ அத்தையிடம் போவாய் அல்லவா? நாளைக்கு என்னால் முடியாது, மன்னிக்கச் சொன்னேன் என்று சொல்லிவிடுகிறாயா?"

"சரி" என்றேன்.

சாயங்காலம் போனேன். அத்தை நாளைக்குப் போட்டுக்கொள்ள ஸ்வெட்டரை எடுத்து நாற்காலியில் போட்டு வைத்திருந்தார். சந்தையில் கேட்க வேண்டியதையெல்லாம் எனக்கு ஒப்பித்துக் காட்டினார். என் பாடத்தில் இருந்த ஒரு வாக்கியம்கூட அதில் இல்லை.

நான் சொல்லவில்லை.

மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதலாம். மறக்கவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. அத்தை போய் நிற்கட்டும், அவள் வராமல் இருக்கட்டும், கொடிக்கம்பம் எப்படிப்பட்டவள் என்று தெரியட்டும் — அப்படித்தான் நினைத்தேன்.

நவம்பர் 22, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் அம்மா, "அண்ணி போனை எடுக்கல, போய்ப் பாரு" என்றார். போனேன். வீடு பூட்டியிருந்தது. பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். அங்கே இல்லை. எதிர்க்கடைப் பெண், "அந்த அம்மா ரொம்ப நேரம் நின்றார், அப்புறம் பஸ்ஸில் ஏறிவிட்டார்" என்றாள்.

தனியாக! அத்தை இந்த ஊரில் தனியாகப் பஸ் ஏறியதே இல்லை.

அப்பா வேலையிலிருந்து பாதியில் வந்தார். அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அத்தையின் போனில் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. அப்பா என்னிடம், "உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்றேன். அது நிஜம். அத்தை என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லாதவள் நான்தானே. மழை வேற பிடிச்சுக்கிச்சு. எங்க போய்த் தேடறது? வழி கேக்கக்கூடத் தெரியாதே அவங்களுக்கு, கடவுளே —

மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அத்தை. தலை நனைந்து, இரண்டு கையிலும் பை, முகத்தில் ஜெயித்த களை.

"என்னக்கா இது!" என்று அப்பா கத்தினார்.

"கத்தாதேடா. தப்பான பஸ்ல ஏறிட்டேன். கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போயிட்டேன். டிரைவர்கிட்ட, 'நான் தொலைஞ்சேன், நீ என்னைக் கண்டுபிடி'ன்னு அவங்க பாஷையிலேயே சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சான். பாதிச் சாப்பாட்டுல எழுந்து வந்து வேற பஸ்ல ஏத்திவிட்டான். அந்த பஸ்ல ஒரு அம்மா சந்தை வரைக்கும் கூடவே வந்துச்சு. அதுக்கும் முட்டி வலியாம்."

"போனை ஏன் எடுக்கல?"

"பேசிட்டிருக்கும்போது எப்படி எடுக்கிறது?"

பையைப் பிரித்தார். சர்க்கரை என்று நினைத்து வாங்கியது முழுக்க உப்பு. ஆறு பாக்கெட். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும்னு சொல்வாங்க. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டு என்னை நினைங்க" என்றார். அப்பாவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் அழுகையோடு சிரித்தார்.

நான் என் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

தெரிந்துவிட்டது.

நெட்டை அப்பா வீட்டிலிருந்து வந்ததும் நேரே அத்தையிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். "சொல்லச் சொன்னேனே" என்று என் பேரைச் சொல்லியிருக்கிறாள். அதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அத்தைக்குப் பாஷை வந்துவிட்டது!

அத்தை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். திட்டுவார் என்று தயாராகப் போனேன்.

"மழையில நனைஞ்சது எனக்குப் பெரிசில்ல" என்றார். "ஆனா ஒரு பொழுது முழுக்க அந்தப் பொண்ண மனசுக்குள்ள வஞ்சேன் பாரு, ஏமாத்திட்டாளேன்னு. அந்தப் பாவம் யார் கணக்குல?"

நான் கத்திட்டேன். "அவளுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது! எல்லா ஆபீசுக்கும் நான்தானே வந்தேன்? எல்லா டாக்டர்கிட்டயும் நான்தானே பேசினேன்? நேத்து வந்தவளுக்குப் பேர் வைக்கிறீங்க, எனக்கு வெச்சீங்களா?"

அத்தை என்னையே பார்த்தார். எனக்கே நான் என்ன சொன்னேன் என்று வெட்கமாக இருந்தது. எட்டாம் வகுப்புப் பெண் பேசும் பேச்சா அது?

"அவளுக்குத் தமிழ் தெரியாது. அதனாலதான் நான் வாயத் தொறக்க வேண்டியிருக்கு" என்றார். "உன்கூட வந்தா நான் பார்சல் மாதிரிடி. பத்திரமா எடுத்துட்டுப் போற, பத்திரமா கொண்டாந்து வெக்கிற. ஒரு கீறல் இல்ல. ஆனா பார்சல் எங்கயாவது பேசுமா?"

நான் அழுதுவிட்டேன்.

"எங்க ஆபீசுல ஒரு சட்டம். ரெண்டு பக்கமும் 'ஹலோ' சொல்லிட்டா ஆபரேட்டர் லைன விட்டு இறங்கிடணும். இறங்காம ஒட்டுக் கேட்டா மெமோ குடுப்பாங்க."

"எனக்கும் மெமோவா?" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நானே ரெண்டு மெமோ வாங்கினவ. உனக்கு என்ன குடுக்கிறது. மூஞ்சியக் கழுவு."

நவம்பர் 24, திங்கள்

அத்தை வீட்டுக்குப் போகவில்லை.

நவம்பர் 26, புதன்

போகவில்லை. மேல் ஜன்னலில் விளக்கு, கீழ் ஜன்னலில் விளக்கு. சிரிப்புச் சத்தம் கேட்கிறதா என்று பால்கனியில் நின்று பார்த்தேன். கேட்கவில்லை. கேட்காதது இன்னும் மோசமாக இருந்தது.

நவம்பர் 28, வெள்ளி

ஒரு விஷயம். இதை எழுதிவிட்டுக் கிழித்துவிடலாம் என்று இருக்கிறேன்.

இன்று கணக்கு வகுப்பில் ஒரு காட்சி மனதில் வந்தது. அத்தை அதிகாரி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். வாய் வரவில்லை. திணறுகிறார். கண்ணாடிக் கதவைத் திறந்து, "அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள்" என்கிறார்கள். நான் உள்ளே போகிறேன். எல்லாம் சரியாகிறது.

எவ்வளவு அழகான காட்சி! நானே ரசித்தேன். அப்புறம்தான் உறைத்தது — அங்கே யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். அத்தைக்கு வாய் வராவிட்டால் நான் உள்ளே போக மாட்டேன். அத்தை பெட்டி கட்டுவார். வேறெதுவும் நடக்காது.

அப்படியானால் நான் எதை ஆசைப்பட்டேன்?

கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

நவம்பர் 29, சனி

நெட்டையிடம் மன்னிப்புக் கேட்டேன். மாடிப்படியில். "பரவாயில்லை" என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று கேட்டாள். "பொறாமை" என்றேன்.

"என்மேலா?" என்று சிரித்தாள். "கட்டுரையில் நாலு வாங்குகிறவள் மேலா?"

அவளுக்கும் அந்த மதிப்பெண் ஞாபகம் இருக்கிறது.

இரண்டு பேருமாக அத்தை வீட்டுக்குப் போனோம். அதிகாரி கேட்கக்கூடிய கேள்விகளை நான் யோசித்துச் சொல்வது, நெட்டை அதிகாரியாக உட்கார்ந்து கேட்பது, இதுதான் ஏற்பாடு. அத்தை தப்பாகச் சொல்லும்போது நான் குறுக்கே போகக் கூடாது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வினைச்சொல்லாவது சரியாக வர வேண்டுமே! வரவில்லை. ஆனால் சொன்னது எல்லாம் புரிந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

குடியிருப்பு அலுவலகம். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் நெட்டையும் பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு கூடப் போனோம்.

அத்தையின் பேரைக் கூப்பிட்டார்கள். பழக்கத்தில் நானும் எழுந்துவிட்டேன். அத்தை திரும்பி, "உக்காருடி" என்றார். அவர் உதடு காய்ந்திருந்தது. பயந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நெட்டைக்குத் தெரியவில்லை.

கண்ணாடி அறை. தெரியும், கேட்காது. அதிகாரி நடுத்தர வயதுப் பெண். ஏதோ கேட்டாள். அத்தை பேசாமல் இருந்தார். மறுபடி கேட்டாள். அத்தையின் கை மடியில் புடவையைப் பிசைந்தது. எனக்குப் பதில் தெரியும். என்ன கேள்வியாக இருந்தாலும் தெரியும். சொல்லுங்க அத்தை, ஏதாவது சொல்லுங்க, தப்பாவே சொல்லுங்க —

அத்தை வாயைத் திறந்தார். ஒரு சொல். அப்புறம் இன்னொன்று. பிறகு கை மடியிலிருந்து எழுந்தது, காற்றில் எதையோ திருகியது, முழங்காலைத் தட்டியது. அதிகாரி பேனாவை வைத்துவிட்டாள். முன்னால் சாய்ந்தாள். சிரித்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

"என்ன சொல்கிறார்?" என்று நெட்டை என் கையைப் பிடித்தாள்.

"தெரியாது" என்றேன்.

எத்தனையோ ஆபீஸ், எத்தனையோ கவுண்டர். அத்தை சொன்னது எனக்குத் தெரியாமல் போனது இதுதான் முதல் தடவை.

ஐந்து வருஷத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வெளியே வந்ததும் நெட்டை அத்தையைத் தூக்கியே விட்டாள். பஸ்ஸில், "உள்ளே என்ன சொன்னீங்க அத்தை? ஏன் சிரிச்சாங்க?" என்று கேட்டேன்.

"அது எனக்கும் அந்தம்மாவுக்கும்" என்றார்.

உண்மையைச் சொல்லட்டுமா? அந்த அதிகாரி மேல்கூட எனக்குக் கொஞ்சம் எரிந்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

அத்தை வீட்டுக்குப் போனேன். மாத்திரைகளை அவரே பிரித்துப் போட்டிருந்தார். கரண்ட் பில்லை நேற்றே கட்டிவிட்டாராம். குப்பையும் போயாயிற்று.

"எதுக்கு வந்தே?" என்றார்.

ஒரு வேலையும் இல்லாமல் நான் அந்த வீட்டுக்குப் போனதே இல்லை. "சும்மா" என்றேன்.

"அப்ப உக்காரு."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். சும்மா உட்கார்வது எவ்வளவு கஷ்டம்! அத்தை காபி கலந்தார். ஜன்னலைத் துடைத்தார். பிறகு பேச ஆரம்பித்தார். ராத்திரி ஷிப்டு, தலையில் மாட்டும் ஹெட்போன், பக்கத்து நாற்காலிக்காரியின் குறட்டை என்று போய், எங்கோ ஓர் இடத்தில் குரலைத் தாழ்த்தி, ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதைச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். பாதியில் இரண்டு தடவை நின்றார். எனக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்கத் தோன்றியது. கொடுக்கவில்லை. அவரே தேடி எடுத்துச் சொன்னார். தமிழில்தான். ஆனாலும் அவருக்கே தேட வேண்டியிருந்தது.

அதை இங்கே எழுதப் போவதில்லை.

கிளம்பும்போது இருட்டிவிட்டது. மாடிப்படியில் நெட்டை உட்கார்ந்திருந்தாள். கதவு தட்ட வந்து, பேச்சுச் சத்தம் கேட்டு, தட்டாமல் இருந்துவிட்டாளாம்.

"இவ்வளவு நேரம் இரண்டு பேரும் என்ன பேசினீர்கள்?" என்றாள். சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டாள். ஆனால் அந்த முகம் எனக்குத் தெரியும். போன மாதம் முழுக்க எங்கள் குளியலறைக் கண்ணாடியில் இருந்த முகம் அது.

அவள் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தேன்.